கந்த சஷ்டி விரதம்: வேலைக்கும் போய்க்கொண்டு ஆறு நாள் இருப்பது எப்படி

தீபாவளிப் பட்சணம் டப்பாவில் தீராமல் இருக்கும்போதே தொடங்கிவிடுகிற விரதம் இது. ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் வளர்பிறைப் பிரதமையில் காப்புக் கட்டி, சஷ்டி வரை ஆறு நாள் இருந்து, ஏழாம் நாள் முருகனின் திருக்கல்யாணம் பார்த்துப் பாரணை செய்து, அதாவது சாப்பிட்டு, விரதத்தை முடிக்கிறோம்.

டெல்டாவில் அந்த வாரம் ஓய்வான வாரம் கிடையாது. முன்பட்ட சம்பாவில் களையெடுப்பு, குறுவை அறுத்த இடத்தில் தாளடி நடவு, அதற்கு மேல் ஐப்பசி அடைமழை. சேற்றில் குனிந்து நிற்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், பஸ் பிடித்து ஆபீஸ் போகிறவர்கள் எல்லாரும் இதற்கு நடுவில்தான் விரதம் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எந்த அளவுக்கு விரதம் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டு, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். முதல் நாள் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் மயங்கி விழுவதைவிட, ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஆறு நாளும் நிதானமாக இருப்பது எவ்வளவோ மேல்.

எதற்காக இந்த விரதம்

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூரபதுமன், சிங்கமுகன், தாரகன் என்ற மூன்று அசுர சகோதரர்கள். தேவர்களைச் சிறை வைத்து ஆட்டிப் படைத்தவர்களை முருகன் வேல் கொண்டு வென்றான். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் இதை விரிவாகப் பாடியிருக்கிறார். சைவப் பெரியவர்கள் தாரகனை மாயை என்றும், சிங்கமுகனைக் கன்மம் என்றும், சூரனை ஆணவம் என்றும் விளக்குவார்கள். உயிரைப் பிடித்திருக்கும் அழுக்குகளான இந்த மூன்று மலங்களில் கடைசி வரை எதிர்த்து நிற்பது ஆணவம். அதனால்தான் சூரனோடு நடக்கும் போர் கடைசியில் வருகிறது.

ஆனால் சூரசம்ஹாரம் என்று பெயர் இருந்தாலும் சூரன் அழிந்துபோகவில்லை. கடல் நடுவே மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி சேவலாகிக் கொடியில் ஏறியது, மறுபாதி மயிலாகி வாகனம் ஆனது. முக்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமை அடங்கிப்போகிறது என்றுதான் சைவ சித்தாந்தமும் சொல்கிறது. எதிர்த்து நின்ற அதே முரட்டுத்தனம் அப்படியே சாமியைத் தூக்கிச் சுமக்கிற வேலைக்கு வந்துவிட்டது. எனக்கு இந்த விரதத்தின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. பசியோடு இருக்கும்போது, குறிப்பாக மூன்றாம் நாள் வாக்கில், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பிள்ளை எதையாவது கொட்டினால் கத்தத் தோன்றும். சாப்பாட்டைக் குறைத்ததன் பலன் அந்த நிமிஷத்தில்தான் தெரியும். வாயைக் கட்டியவர் வார்த்தையையும் கட்ட வேண்டும்.

இன்னொன்று நம் பக்கத்துக்காரர்களுக்குப் பெருமையான விஷயம். கந்தபுராணத்தில் கந்த விரதப் படலம் என்று ஒரு பகுதி உண்டு. முருகனுக்கு உகந்த வெள்ளி விரதம், கார்த்திகை விரதம், சஷ்டி விரதம் மூன்றையும் அதில் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் முசுகுந்தச் சக்கரவர்த்தி, எடுத்துச் சொல்கிறவர் வசிட்டர். தியாகராஜப் பெருமானை இந்திரனிடமிருந்து பெற்றுத் திருவாரூருக்குக் கொண்டுவந்தவர் அந்த முசுகுந்தன்தான். சிக்கலில் வெண்ணெயால் லிங்கம் பிடித்து வழிபட்டவர் அந்த வசிட்டர்தான். கேட்டவரும் சொன்னவரும் நம் ஊர்த் தலபுராணங்களில் நடமாடுகிறவர்கள்.

பிள்ளை வரம் வேண்டி இருக்கிறவர்கள் நிறையப் பேர். நம்பிக்கையோடு இருங்கள், அதோடு மருத்துவரையும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சண்டையும் இல்லை. அந்தத் தம்பதியைப் பார்த்து “என்ன விசேஷம் ஒண்ணும் இல்லையா” என்று கோயில் பிராகாரத்தில் கேட்பதை மட்டும் மற்றவர்கள் தயவு செய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாள் பார்ப்பது

ஐப்பசி விரதம் என்றாலும் சில வருஷம் கார்த்திகைக்குள் போய்விடும். 2023-ல் சூரசம்ஹாரம் நவம்பர் 18, அதாவது கார்த்திகை 2. 2024-ல் நவம்பர் 7, 2025-ல் அக்டோபர் 27. திதி கூடியும் குறைந்தும் வருவதால் காலண்டரைப் பார்த்து நாமாக எண்ணினால் ஒரு நாள் முன்பின் ஆகலாம். உங்கள் ஊர் முருகன் கோயிலில் எந்த நாள் காப்புக் கட்டுகிறார்களோ அதுவே உங்களுக்கும் முதல் நாள். அதற்கு மேல் இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு வாரம் முன்னாலேயே செய்ய வேண்டியவை

முதலில் காப்பி. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்று டிகிரி காப்பி குடித்துப் பழகிய உடம்பு, அதைச் சட்டென்று நிறுத்தினால் மண்டையைப் பிளக்கும். முதல் நாள் தலைவலியைப் பலரும் பசி என்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் அது காப்பி இல்லாத வலி. ஒரு வாரத்துக்கு முன்பே மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி, டிகாக்‌ஷனையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். காப்பியை விடவே முடியாது என்றால் காலையில் அரை டம்ளர் என்று சங்கல்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்துக் குடிப்பதைவிட அது நேர்மை.

அடுத்தது தீபாவளி. எண்ணெய்ப் பலகாரத்தை வயிறு நிறையத் தின்றுவிட்டு மறுநாளே பட்டினி போட்டால் வயிறு புளிக்கும். கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் அமாவாசையன்று அதிரசம் வேறு இருக்கும். நோன்புப் பிரசாதம் ஒன்று எடுத்துக்கொண்டு மற்றதை அன்றைக்கே அக்கம்பக்கத்துக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் உணவு விரதம் இருக்க வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருப்பதை எந்தச் சாமியும் கேட்கவில்லை. அசைவம், வெங்காயம், பூண்டு தள்ளி, வேளைக்குச் சாப்பிட்டு, மாலையில் விளக்கேற்றிப் பாராயணம் செய்தால் அதுவும் விரதம்தான். எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எந்த அளவு விரதம்

நம் பக்கம் அதிகம் பேர் இருப்பது ஒரு வேளை விரதம். பகலில் பாலோ மோரோ பழமோ எடுத்துக்கொண்டு, மாலை பூஜை முடிந்தபின் பச்சரிசிச் சாதம் ஒரு வேளை. வெளியே உழைக்கிறவர்களுக்கு இதுவே போதும், இதுவே சரி. வயல் வேலைக்குப் போகிறவர்கள் பகலில் ஒரு வேளை சாப்பிட்டு இரவில் பாலோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. வெறும் வயிற்றோடு சேற்றில் இறங்கக் கூடாது.

பால், பழம், இளநீர் மட்டும் என்பது அடுத்த படி. வீட்டில் இருக்கிறவர்களும் பழக்கப்பட்டவர்களும் இதை எடுக்கலாம். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போகிற மிளகு விரதமும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் வழிவழியாக இருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தால் ஒழிய அதில் இறங்க வேண்டாம். போனில் பார்த்துவிட்டு முதல் வருஷமே மிளகு விரதம் எடுக்கிற இளசுகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆறு நாளும் முடியாதவர்கள் ஆறாம் நாள் மட்டும் இருக்கலாம். எந்த விரதமானாலும் தண்ணீர் குடியுங்கள். மழைக்காலத்தில் தாகம் தெரியாது, ஆனால் உடம்பு காய்ந்துபோகும்.

முதல் நாள்

விடியற்காலைக் குளியல். ஐப்பசி துலா மாதம் என்பதால் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்திலும் மற்றக் காவிரிப் படித்துறைகளிலும் அந்த மாதம் முழுக்கவே ஆட்கள் முழுக்குப் போட வருவார்கள். விரதக்காரர்கள் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மழையில் ஆறு ஏறியிருந்தால் படித்துறைப் பக்கம் போகாமல் வீட்டிலேயே குளியுங்கள். தவறொன்றும் இல்லை.

பூஜை இடத்தைத் துடைத்து ஒரு மனைப் பலகை போடுங்கள். அதில் பச்சரிசி மாவால் அறுகோணம் வரைய வேண்டும். மேல் நோக்கி ஒரு முக்கோணம், அதன் மேல் கீழ் நோக்கி ஒரு முக்கோணம். ஆறு முனைகளில் ச, ர, வ, ண, ப, வ என்று ஓர் எழுத்து வீதம். நடுவில் ஓம். கோலப்பொடி வேண்டாம், அரிசி மாவுதான். எறும்பு தின்னட்டும். முனைக்கு ஒன்றாக ஆறு அகல், நெய்யோ நல்லெண்ணெயோ. சில வீடுகளில் முதல் நாள் ஒன்றில் தொடங்கி நாளுக்கு ஒன்றாகக் கூட்டி ஆறாம் நாள் ஆறு ஏற்றுவார்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதைச் செய்யுங்கள். வழக்கமே இல்லை என்றால் கூட்டிக்கொண்டே போவது நன்றாக இருக்கும், பிள்ளைகள் தாங்களே வந்து நாளை எண்ணுவார்கள். முருகன் படமோ, இல்லாவிட்டால் சின்ன வேலோ வைத்து, செம்பருத்தி, செவ்வரளி, வெட்சி என்று தோட்டத்தில் பூத்த சிவப்புப் பூ வையுங்கள். கலசம் வைப்பவர்கள் செம்பில் தண்ணீர் விட்டு, மாவிலை சொருகி, மேலே தேங்காய் வைக்கலாம். ஆறு நாளும் கவனிக்க முடியாது என்றால் கலசமே வேண்டாம்.

சங்கல்பம் தமிழில் போதும். விளக்குமுன் உட்கார்ந்து, இன்னார் பிள்ளை இன்னார், இந்த ஆறு நாளும் இந்த அளவுக்கு விரதம் இருக்கிறேன், இதற்காக இருக்கிறேன், துணை நில் முருகா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொன்னது மனதில் நிற்கும்.

காப்பு என்பது மஞ்சள் தடவிய நூலில் ஒரு விரலி மஞ்சள் முடிந்தது. கோயிலில் கட்டிக்கொள்வது உத்தமம். முடியாவிட்டால் வீட்டுப் பெரியவர் கையால். ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை.

இரண்டு முதல் நான்கு வரை

இந்த மூன்று நாளும் ஒரே மாதிரிதான் போகும். காலையில் குளித்து விளக்கேற்றிப் பாராயணம், பகலில் வேலை, மாலையில் மறுபடி விளக்கு, நைவேத்தியம், அப்புறம் சாப்பாடு. நைவேத்தியத்துக்கு நாளுக்கு ஒரு சித்ரான்னம் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை. காய்ச்சிய பாலில் நாட்டுச் சர்க்கரை போட்டு வைக்கலாம். தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து வைத்தால் முருகனுக்கு அதைவிட உகந்தது வேறில்லை.

பாராயணத்துக்குக் கந்த சஷ்டி கவசம். ஒரு நாளில் முப்பத்தாறு உரு என்று கவசத்திலேயே வருகிறது. நிதானமாக ஒரு தடவை சொல்லி முடிக்கக் கால் மணியிலிருந்து இருபது நிமிடம் ஆகும் என்றால், முப்பத்தாறு தடவைக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வேலைக்குப் போகிறவர் நாளுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால் ஆறு நாளில் முப்பத்தாறு ஆகிறது. காலை மூன்று, மாலை மூன்று. அதுவும் முடியாதவர் ஒரு தடவை, ஆனால் பொருள் புரிந்து சொல்லுங்கள். அருணகிரிநாதரின் கந்தர் அநுபூதி தெரிந்தவர்கள் அதைச் சொல்லலாம், அளவில் சின்னது. ஒன்றும் மனப்பாடம் இல்லாதவர்களுக்கு ‘சரவணபவ’ போதும், பஸ்ஸில் நின்றுகொண்டே சொல்லலாம்.

மாதவிலக்கு வந்தால் விரதம் கெட்டுப்போனதா என்று பெண்கள் கேட்கிறார்கள். கெடவில்லை. உணவு விரதத்தைத் தொடருங்கள், விளக்கை வீட்டில் வேறு ஒருவர் ஏற்றட்டும், மனதுக்குள் சொல்வதை யாரும் தடுக்க முடியாது. உறவில் இறப்புத் தீட்டு வந்தால் காப்பை என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, அதைக் கோயில் குருக்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஐந்தாம் நாள்: சிக்கலில் வேல் வாங்குதல்

ஆறு நாளில் ஒரு நாள்தான் லீவு போட முடியும் என்றால் நான் ஐந்தாம் நாளைத்தான் சொல்வேன். சிக்கலில் வேல் வாங்கிச் செந்தூரில் சம்ஹாரம் என்பது வழக்கு. நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில், நாகைக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சிக்கல். ஞானசம்பந்தர் பாடிய சிவத்தலம், சுவாமி நவநீதேஸ்வரர், அம்பாள் வேல்நெடுங்கண்ணி. உற்சவமூர்த்தி சிங்காரவேலர்.

ஐந்தாம் நாள் இரவு சிங்காரவேலர் அம்பாள் சந்நிதிக்கு வந்து தாயிடம் வேல் வாங்குகிறார். வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பியதும் உற்சவர் திருமுகத்தில் முத்து முத்தாக வியர்வை அரும்பும். குருக்கள் பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார், மறுபடி அரும்பும். போருக்குக் கிளம்புகிற பிள்ளையின் படபடப்பு அது என்று சொல்வார்கள். எனக்கு அதைவிட அம்மா பக்கம்தான் மனம் போகிறது. பிள்ளையைச் சண்டைக்கு அனுப்பும் தாய் தன் சக்தியையெல்லாம் ஒரு வேலில் வைத்துக் கையில் கொடுக்கிறாள். கூட்டத்தில் நிற்கிற பெண்களில் அழாதவர்கள் குறைவு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் மிக அதிகம், மழையும் இருக்கும். மாலைப் பாலையோ பழத்தையோ கிளம்புமுன் முடித்துக்கொண்டு, கையில் ஒரு பாட்டில் தண்ணீரும் நாலு பேரீச்சம்பழமும் வைத்திருங்கள். கர்ப்பக்கிருகத்தை நோக்கி முண்டியடிக்காமல் ஓரமாகத் தூணில் சாய்ந்து நில்லுங்கள். விரத உடம்பு நெரிசலைத் தாங்காது.

சிக்கல் தூரம் என்றால் பக்கத்தில் உள்ள தலத்துக்குப் போங்கள். கும்பகோணத்துக்காரர்களுக்குச் சுவாமிமலை, தமிழ் வருஷம் அறுபதுக்கும் ஒன்றாக அறுபது படி. சீர்காழிப் பக்கம் வைத்தீஸ்வரன்கோயில் செல்வமுத்துக்குமார சுவாமி. நாகை, திருவாரூர்ப் பக்கம் எட்டுக்குடியும் எண்கண்ணும், இரண்டு மயில்வாகனரும் ஒரே சிற்பி கைவேலை என்பது ஐதீகம். திருச்சிக்காரர்களுக்கு வயலூர். அதிகம் பேர் போகாத இடம் தரங்கம்பாடி, திருக்கடையூர் வட்டாரத்தில் உள்ள திருவிடைக்கழி. சூரன் மகன் இரணியாசுரனை வதம் செய்த பாவம் தீர முருகன் சிவபூஜை செய்த தலம். சேந்தனார் திருவிசைப்பாவில் முருகனைப் பாடியது இந்த ஊரில்தான். பகைவனைக் கொன்றதற்கும் பரிகாரம் தேடிய சாமி என்று நினைத்துக்கொண்டு அங்கே நின்றால், யாரையோ பழிவாங்கித் தரச் சொல்லி வேண்ட மனம் வராது.

ஆறாம் நாள்

முடிந்தவர்களுக்கு அன்று முழுப் பட்டினி, முடியாதவர்களுக்குப் பாலும் பழமும். வேலையை அரை நாளோடு முடித்துக்கொள்ளப் பாருங்கள். மாலையில் ஊர்க் கோயிலில் சூரசம்ஹாரம் நடக்கும். ஆனைமுகம், சிங்கமுகம், சூரன் முகம் என்று தலை மாற்றி மாற்றிச் சூரனைத் தூக்கி வருவார்கள். கடைசியில் மாமரக் கொப்பும், அப்புறம் சேவலும் மயிலும். பிள்ளைகளைத் தோளில் வைத்துக் காட்டுங்கள்.

சம்ஹாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டும். மழைக்காலம் என்பதால் வெந்நீரில் குளியுங்கள். விளக்கேற்றி, பானகம் வைத்து வணங்கி, அதையே ஒரு டம்ளர் குடிக்கலாம். சிலர் அன்றிரவே எளிய பலகாரம் சாப்பிட்டு முடிப்பார்கள், சிலர் மறுநாள் திருக்கல்யாணம் வரை காத்திருப்பார்கள். சங்கல்பத்தில் எதைச் சொன்னீர்களோ அதுதான் கணக்கு.

ஏழாம் நாள் பாரணை

முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்து விரதம் முடிக்கிறோம். கல்யாண விருந்து என்று நேராக வடை, பாயசம், அப்பளம் என்று உட்கார்ந்தால் ஆறு நாள் ஓய்ந்திருந்த வயிறு கலங்கிவிடும். பாலும் பழமுமாக இருந்தவர்கள் கட்டாயம் கஞ்சியில் தொடங்குங்கள். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசம் வரும் வரை வறுத்து, அரை ஆழாக்குப் பச்சரிசியோடு சேர்த்து, ஐந்தாறு மடங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேக விடுங்கள். சீரகம், ஒரு துண்டு இஞ்சி, உப்பு, இறக்கும்போது அரை ஸ்பூன் நெய். இளஞ்சூட்டில் ஒரு கிண்ணம் குடித்து ஒரு மணி நேரம் விட்டு, அப்புறம் இலை போடுங்கள். அந்த இலையில் உங்களோடு இன்னொருவரும் உட்கார்ந்து சாப்பிடட்டும். உறவுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை.

காப்பைத் திருக்கல்யாணம் முடிந்தபின் அவிழ்த்து, வீட்டு வாசல் செடியிலோ கோயில் மரத்திலோ கட்டிவிடலாம். கலசத் தண்ணீரை வீடு முழுக்கத் தெளித்து மிச்சத்தைத் துளசிக்கு ஊற்றுங்கள். தேங்காயை உடைத்துப் பாயசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஏதோ ஒரு நாள் தடைப்பட்டுப்போனவர்கள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். மாதா மாதம் வளர்பிறைச் சஷ்டி வருகிறது, அன்று ஒரு நாள் இருந்து அதே ஆறு விளக்கை ஏற்றலாம்.